செவர்லே கோர்வேர்: ஒரே காருக்கு ஏன் இரண்டு தீர்ப்பு?

பழைய அமெரிக்க கார்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கொள்வார்கள். செவர்லே கோர்வேர் என்ற காரை ஒருவர் ஆளைக் கொல்லும் வண்டி என்பார். இன்னொருவர், அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட் செய்த கார்களிலேயே துணிச்சலானது அதுதான் என்பார். இரண்டு பேரும் கார் பிரியர்கள், விவரம் தெரிந்தவர்கள். உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு தாண்டியும் இந்தச் சண்டை ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம் உண்டு. "கோர்வேர் மோசமான காரா?" என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

1. யோசனை சரியா?
2. அந்த யோசனையைச் செய்து முடித்த விதம் சரியா?
3. காரை வாங்கியவரிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார்களா?

ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், எதிரில் இருப்பவர் மூன்றாவதுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். மூன்றையும் பிரித்துப் பார்க்க, காரின் அடிப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

## எஞ்சினைப் பின்னால் வைத்தது ஏன்?

1950களின் கடைசியில் அமெரிக்கர்கள் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலை ஆர்வமாக வாங்க ஆரம்பித்தார்கள். உள்ளூர்க் கம்பெனிகள் கப்பல் மாதிரி நீளமான கார்களைச் செய்துகொண்டிருந்த காலம் அது. சின்ன, சிக்கனமான கார் கேட்பவர்களுக்கு அவர்களிடம் சரியான பதில் இல்லை. 1960ஆம் வருட மாடலாக மூன்று பெரிய கம்பெனிகளும் ஆளுக்கொரு சின்ன காரை இறக்கின: ஃபோர்டு ஃபால்கன், கிரைஸ்லரின் வேலியன்ட், ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே கோர்வேர்.

ஃபால்கனும் வேலியன்ட்டும் வழக்கமான கார்களைச் சுருக்கிச் செய்தவை. முன்னால் எஞ்சின், பின்னால் ஒரே இரும்பு ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங். செவர்லே பிரிவின் தலைவராக இருந்த எட் கோல் அந்த வழியில் போகவில்லை. அலுமினியத்தில் வார்த்த ஆறு சிலிண்டர் எஞ்சின், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்தவாக்கில் சிலிண்டர்கள், தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிர்விப்பு, மொத்தமும் பின்சக்கரங்களுக்குப் பின்னால். கொள்ளளவு 2.3 லிட்டர், சக்தி 80 குதிரைத்திறன். நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்.

இதில் கிடைத்த நன்மைகள் நிஜமானவை. காரின் நடுவே தரையில் மேடு இல்லாததால் ஆறு பேர் காலை நீட்டி உட்காரலாம். முன்பக்கம் லேசாக இருப்பதால் பவர் ஸ்டியரிங் இல்லாமலே ஸ்டியரிங் இலகுவாகத் திரும்பும். எடை ஓட்டுசக்கரங்கள் மேல் இருப்பதால் பனியிலும் சேற்றிலும் சக்கரம் வீணாகச் சுற்றாது. ரேடியேட்டரே கிடையாது என்பதால் குளிர்காலத்தில் தண்ணீர் உறையுமே என்ற கவலையும் இல்லை.

காரைச் சுற்றி இடுப்புப் பட்டை போல ஓடிய அந்த மடிப்புக் கோட்டை ஐரோப்பியக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. ஜெர்மனியின் என்எஸ்யூ பிரின்ஸ் 4 படத்தை கோர்வேர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால் விளக்கமே தேவைப்படாது. ஆக, யோசனையைப் பொறுத்தவரை ரசிகர்கள் சொல்வது சரி. இது துணிச்சலான, நன்றாக யோசித்த கார்.

## வளைவில் என்ன நடக்கிறது?

சிக்கல் இரண்டாவது கேள்வியில் ஆரம்பிக்கிறது. இங்கே இரண்டு விஷயங்கள் சேர்கின்றன.

முதலாவது, எடை. காரின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் பின்சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது கனமான பகுதி நேராகவே போகப் பார்க்கும். முன்னால் கனமான காரில் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும்; கார் நாம் கேட்டதைவிடக் குறைவாகத் திரும்பும். இதற்கு அண்டர்ஸ்டியர் என்று பெயர். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பின்னால் கனமான காரில் வால் வெளியே வீசும். கார் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பிவிடும். இதுதான் ஓவர்ஸ்டியர். இங்கே காலைச் சட்டென்று எடுத்தால் எடை முன்னுக்குச் சாய்ந்து, பின்சக்கரங்களின் பிடி இன்னும் குறையும். ஒரு காரில் காப்பாற்றும் பழக்கம் இன்னொரு காரில் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இரண்டாவது, ஸ்விங் ஆக்ஸில். 1960 முதல் 1963 வரை வந்த கோர்வேர்களில் பின்சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் உள்பக்கத்தில் மட்டுமே மூட்டு இருந்தது. வெளிமுனையில் சக்கரம் செங்குத்தாக, அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும்.

இதை உங்கள் கையாலேயே பார்க்கலாம். ஒரு மேசைக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையை மடக்காமல் கையை நீட்டுங்கள். மணிக்கட்டை மடக்கி, விரல் நுனிகள் மேசையைத் தொடும்படி உள்ளங்கையைச் செங்குத்தாக வையுங்கள். கை ஆக்ஸில், உள்ளங்கை சக்கரம், தோள்பட்டை உள்மூட்டு. இப்போது மணிக்கட்டின் கோணத்தை மாற்றாமல் குதிகாலைத் தூக்கித் தோளை உயர்த்துங்கள். விரல் நுனிகள் உங்கள் பக்கமாக உள்ளே மடங்கும். வேகமாக வளைவில் போகும்போது காரின் பின்பகுதி இப்படித்தான் மேலே எழும்புகிறது, வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கிறது. டயர் முழு அகலத்தில் ரோட்டைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் தொடும். பிடி மெதுவாகக் குறையாது. ஒரு நொடியில் விட்டுப்போகும்.

ஸ்விங் ஆக்ஸில் ஜெனரல் மோட்டார்ஸின் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. பீட்டில், போர்ஷே 356, மெர்சிடிஸ் 300 எஸ்எல் எல்லாவற்றிலும் அது இருந்தது. கோர்வேர் ரசிகர்கள் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் போர்ஷே வாங்கியவர் பெரும்பாலும் அதன் குணம் தெரிந்துதான் வாங்கினார். கோர்வேர் வாங்கியவரோ நேற்றுவரை முன்னால் எஞ்சின் உள்ள பெரிய செவர்லேயை ஓட்டியவர். குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடச் சிக்கனமான காராக இருக்குமே என்று வாங்கியவர்.

## 15, 26: இரண்டு எண்களில் ஒரு வழக்கு

இந்தக் குணத்தை அடக்க ஒரு எளிய வழி இருந்தது. முன்பக்கம் ஆன்டி-ரோல் பார் என்ற இரும்புக் கம்பியைப் போட்டால், முன் டயர்கள் சற்று முன்னதாகவே வழுக்க ஆரம்பிக்கும். வால் வீசுவதற்குள் மூக்கு தள்ளும். ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்கும். பெரிய செலவு பிடிக்காத பாகம். ஆனால் செலவைக் குறைக்க, ஆரம்ப வருடங்களில் அந்தக் கம்பி எல்லா கார்களுக்கும் பொதுவாகப் போடப்படவில்லை.

அதற்குப் பதிலாகக் கம்பெனி நம்பியது டயர் காற்றை. முன்னால் 15 பிஎஸ்ஐ, பின்னால் 26 பிஎஸ்ஐ. முன் டயரில் காற்று குறைவாக இருந்தால் அது வளைவில் அதிகம் நெளியும், முன்பக்கம் முதலில் நழுவும். அதாவது கம்பி செய்ய வேண்டிய வேலையைக் காற்று செய்யும். கணக்கு சரி. ஆனால் 15 பிஎஸ்ஐ என்பது பார்வைக்குக் காற்று இறங்கிய டயர். பெட்ரோல் பங்கில் அதைப் பார்க்கும் பையன் நல்லெண்ணத்தோடு நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுவான். காரின் பாதுகாப்பு அந்த இடத்திலேயே போய்விட்டது. காரின் சொந்தக்காரருக்கு அது தெரியவும் தெரியாது.

பின் எஞ்சின் காரைச் செய்யும் எவருக்கும் இந்தப் பிரச்சினை வரும். நம்மூரில் ஓடிய டாடா நானோவைப் பாருங்கள். முன் டயர் 135 மில்லிமீட்டர் அகலம், பின் டயர் 155. காற்றை யார் எப்படி அடித்தாலும் அந்த அகல வித்தியாசம் அப்படியே இருக்கும். சொந்தக்காரரின் கவனத்தை நம்பாத தீர்வு அது.

என் பார்வையில் கோர்வேர் மீதான குற்றச்சாட்டின் மையம் இந்த இடம்தான். எஞ்சின் பின்னால் இருந்தது குற்றமில்லை. ஸ்விங் ஆக்ஸில்கூட மன்னிக்கக்கூடியது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு நிபந்தனையை இரண்டு எண்களாகக் கையேட்டில் போட்டுவிட்டு, அது ஏன் முக்கியம் என்று வாங்கியவருக்கு உரக்கச் சொல்லாமல் விட்டதை மன்னிக்க முடியாது. மூன்றாவது கேள்விக்கு ஜெனரல் மோட்டார்ஸிடம் பதில் இல்லை.

கம்பெனி பிறகு திருந்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1964 மாடலில் முன்பக்கக் கம்பி எல்லா கார்களுக்கும் வந்தது. பின்னால் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங்கும் சேர்ந்தது. 1965இல் பின் சஸ்பென்ஷனையே தூக்கிப்போட்டுப் புதிதாகச் செய்தார்கள். ஆக்ஸிலுக்கு இரண்டு முனையிலும் மூட்டு; சக்கரம் ஏறி இறங்கினாலும் நிமிர்ந்தே நிற்கும். கோர்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த அமைப்புக்கு நெருங்கிய உறவு அது. 1963 கோர்வேரும் 1965 கோர்வேரும் பெயரில்தான் ஒன்று. வளைவில் வெவ்வேறு கார்கள். எந்த வருடம் என்று சொல்லாமல் கோர்வேரைத் திட்டுவதிலும் புகழ்வதிலும் பொருளில்லை.

## நேடர் புத்தகம் எதைச் சொன்னது?

1965 நவம்பரில் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் எழுதிய "அன்சேஃப் அட் எனி ஸ்பீட்" வெளிவந்தது. முழுப் புத்தகமும் கோர்வேரைப் பற்றியது என்று பலர் நினைக்கிறார்கள். கோர்வேருக்கு ஒதுக்கியது முதல் அத்தியாயம் மட்டும். மற்ற பக்கங்கள் நெஞ்சில் குத்தும் ஸ்டியரிங் தண்டு, கூர்மையான டேஷ்போர்டு, கண்ணைக் கூசவைக்கும் குரோம் என்று ஒட்டுமொத்தக் கார்த் தொழிலையும் கேள்வி கேட்டன.

அந்த முதல் அத்தியாயத்தில் குறிவைக்கப்பட்டது ஸ்விங் ஆக்ஸில் உள்ள ஆரம்ப மாடல்கள். புத்தகம் கடைக்கு வந்தபோது அந்தக் குறை தீர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ரசிகர்களின் ஆதங்கம் இதுதான். திருந்திய காரும் திருந்தாத காரின் பழியைச் சுமந்தது. அதேசமயம் லட்சக்கணக்கான பழைய கார்கள் ரோட்டில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு யாராவது சொல்லியாக வேண்டியிருந்தது.

பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் செய்த காரியம் காரைவிடப் பெரிய செய்தியானது. தனியார் துப்பறிவாளர்களை வைத்து நேடரின் சொந்த வாழ்க்கையைத் துருவியது வெளியே வந்தது. 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட் துணைக்குழு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதே வருடம் செப்டம்பரில் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. நேடர் போட்ட வழக்கு 1970இல் 4,25,000 டாலருக்குச் சமரசமானது.

## 1972 அறிக்கையை எப்படி வாசிப்பது?

கோர்வேர் ரசிகர் கையில் எடுக்கும் கடைசி ஆயுதம் இது. அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 1963 கோர்வேரை ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ டோஃபின் போன்ற அதே காலத்துக் கார்களோடு சேர்த்து ஓட்டிச் சோதித்தது. கட்டுப்பாட்டை இழப்பதிலோ கவிழ்வதிலோ கோர்வேர் மற்றவற்றைவிட அசாதாரணமாக ஆபத்தானது இல்லை என்று 1972இல் அறிக்கை வந்தது. சோதனையே பிழையானது என்று நேடர் ஏற்க மறுத்தார்.

அறிக்கையை நம்பலாம். ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1. அது ஒப்பீடு. அந்தக் காலத்துக் கார்களோடு வைத்துப் பார்த்தால் மோசமில்லை என்றுதான் சொல்கிறது. பீட்டிலும் டோஃபினும் பின் எஞ்சினும் ஸ்விங் ஆக்ஸிலும் கொண்டவை. அவையும் வளைவில் வால் வீசியவைதான்.
2. அது வால் வீசுவதைப் பற்றியது மட்டும். நேடர் எழுப்பிய இன்னொரு பிரச்சினை ஸ்டியரிங். கோர்வேரில் ஸ்டியரிங் பெட்டி முன்சக்கரங்களுக்கும் முன்னால் இருந்தது. அங்கிருந்து ஒரே நீள இரும்புத் தண்டு ஓட்டுநரின் நெஞ்சுக்கு நேராக வந்தது. நேருக்கு நேர் மோதினால் அந்தத் தண்டு உள்ளே வரும். இதற்கு வளைவுச் சோதனை பதில் சொல்லாது.

அப்புறம் ஹீட்டர். 1961 மாடல் முதல் எஞ்சினைக் குளிர்வித்த காற்றையே காருக்குள் சூட்டுக்கு விட்டார்கள். சீல்களும் கேஸ்கட்டுகளும் நன்றாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. தேய்ந்தால் ஆயில் புகையும் எக்ஸாஸ்ட் வாயுவும் உள்ளே வரும். இன்றும் பழைய கோர்வேர் வாங்குபவர் மூக்கால் பார்க்க வேண்டிய விஷயம் இது.

## விற்பனையைக் கொன்றது யார்?

நேடர்தான் கொன்றார் என்பது பிரபலமான கதை. எண்கள் அதை முழுசாக ஆதரிக்கவில்லை. முதல் வருடமே ஃபால்கன் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றபோது கோர்வேர் சுமார் இரண்டரை லட்சம்தான் விற்றது. சிக்கனமான கார் தேடியவருக்கு ஃபால்கன் போதும். செவர்லேயே பயந்துபோய் செவி II என்ற வழக்கமான சின்ன காரை 1962 மாடலாகக் கொண்டுவந்தது.

கோர்வேரைக் காப்பாற்றியது மோன்ஸா மாடல். இரண்டு கதவு, தனித்தனி முன் சீட், கொஞ்சம் ஸ்போர்ட்டியான தோற்றம். 1962இல் டர்போ எஞ்சினோடு ஸ்பைடர் வந்தது; டர்போ என்ற வார்த்தையே பொதுமக்களுக்குப் புதிது. இளைஞர்கள் ஆசையாக வாங்கினார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபோர்டு, தன் ஃபால்கனை அடிப்படையாக வைத்து 1964 ஏப்ரலில் மஸ்டாங்கை இறக்கியது. இரண்டே வருடத்தில் பத்து லட்சம் மஸ்டாங். அதில் எட்டு சிலிண்டர் கொண்ட வி8 எஞ்சின் போடலாம். கோர்வேரின் பின்பக்கத்தில் வி8க்கு இடமே இல்லை. அந்தப் போட்டியில் ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்த ஜெனரல் மோட்டார்ஸ், நேடர் புத்தகம் வருவதற்கு முன்பே கோர்வேரில் புதிதாகப் பணம் போடுவதை நிறுத்தும் முடிவுக்கு வந்திருந்தது. மஸ்டாங்குக்குப் பதிலடியாக 1967 மாடலாக செவர்லே கமாரோ வந்தது.

1965இல் சுமார் 2,35,000 கோர்வேர். 1966இல் பாதிக்கும் குறைவு. கடைசி வருடமான 1969இல் வெறும் 6,000. மொத்தம் சுமார் 18 லட்சம். மஸ்டாங் காலை வெட்டியது, புத்தகம் பெயரைக் கெடுத்தது என்று சொன்னால் நடந்ததற்கு நெருக்கமாக இருக்கும்.

## இதே கேள்விகளை மற்ற கார்களிடம் கேட்டால்

ரசிகர்கள் கொண்டாடும் மற்ற வினோத அமெரிக்க கார்களையும் இப்படிப் பிரிக்கலாம்.

டக்கர் 48. சிகாகோவில் 1948இல் முன்மாதிரியோடு சேர்த்து 51 கார்கள்தான் உருவாயின. ஸ்டியரிங்கோடு திரும்பும் நடு விளக்கு, பின்னால் ஹெலிகாப்டர் எஞ்சினிலிருந்து மாற்றிச் செய்த ஆறு சிலிண்டர் எஞ்சின். பிரெஸ்டன் டக்கர் மோசடி வழக்கில் சிக்கி 1950 ஜனவரியில் விடுதலையானார், அதற்குள் கம்பெனி போய்விட்டது. யோசனைக்கு முழு மார்க் கொடுக்கலாம். செய்த விதத்தைப் பற்றி உறுதியாகப் பேச 51 கார் போதாது. கோர்வேர் போல 18 லட்சம் பேர் கையில் போயிருந்தால் என்ன குறைகள் தெரிந்திருக்கும் என்று டக்கர் பக்தர்கள் யோசிப்பதில்லை.

கிரைஸ்லர் டர்பைன் கார். 1963 முதல் பொதுமக்களிடம் 50 கார்களைக் கொடுத்து ஓட்டிப்பார்க்கச் சொன்னார்கள். 203 பேர் மாறி மாறி ஓட்டினார்கள். விமான எஞ்சின் போன்ற சுழலி, நிமிடத்துக்கு 44,500 சுற்று வரை போகும். டீசலிலும் மண்ணெண்ணெயிலும் ஓடும். அதிர்வே கிடையாது. ஆனால் மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும், எரிபொருளைக் குடிக்கும், செய்யவும் செலவு அதிகம். திட்டம் முடிந்ததும் பெரும்பாலான கார்களை அழித்துவிட்டார்கள், மிஞ்சியவை 9. மூன்றாவது கேள்வியில் இதை அடிக்க முடியாது. இது சோதனை என்று வெளிப்படையாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள்.

ஏஎம்சி (அமெரிக்கன் மோட்டார்ஸ்) கம்பெனியின் பேசர். 1975இல் வந்த கண்ணாடிக் கிண்ணம் போன்ற கார். பின் சீட்டுக்கு ஏற வசதியாகப் பயணி பக்கக் கதவு ஓட்டுநர் கதவைவிட 4 அங்குலம் நீளம். ஜெனரல் மோட்டார்ஸ் செய்வதாக இருந்த சின்ன ரோட்டரி எஞ்சினை நம்பி வரைந்தார்கள். அந்த எஞ்சின் திட்டம் கைவிடப்பட்டது. தன்னிடம் இருந்த கனமான ஆறு சிலிண்டர் எஞ்சினை ஏஎம்சி உள்ளே திணிக்க வேண்டியதாயிற்று. சின்ன கார் என்று விற்ற வண்டியின் எடை 1,300 கிலோவைத் தாண்டியது.

## இன்று கோர்வேர் வாங்க நினைப்பவருக்கு

1. வருடத்தை முதலில் பாருங்கள். ஓட்டி ரசிக்க என்றால் 1965 முதல் 1969 வரை. ஆரம்ப மாடல்தான் அழகு என்று தோன்றினால் 1964 நல்ல சமரசம்.
2. 1960–63 மாடல் என்றால், பின்சக்கரம் உள்ளே மடங்காமல் தடுக்கும் கேம்பர் காம்பன்சேட்டர் என்ற பட்டை மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். டயருக்கான காற்றளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; பங்கில் விட்டுவிடாதீர்கள்.
3. எஞ்சின் அடியில் ஆயில் கசிவு சகஜம். வால்வுகளை இயக்கும் கம்பிகள் ஓடும் புஷ்ராட் குழாய்களின் ரப்பர் வளையங்கள் சூட்டில் கெட்டிப்படுவதே காரணம். சூடு தாங்கும் இன்றைய வளையங்களைப் போட்டால் அடங்கும்.
4. குளிர்விக்கும் ஃபேன் எஞ்சின் மேல் படுத்தவாக்கில் சுற்றுகிறது. அதனால் அதன் பெல்ட் இரண்டு இடத்தில் 90 டிகிரி திரும்பி ஓட வேண்டும். பெல்ட் கழன்றால் ஜெனரேட்டரும் நிற்கும், ஃபேனும் நிற்கும். காற்றை மட்டுமே நம்பிய எஞ்சின் சில நிமிடங்களில் வெந்துவிடும். பெல்ட் விளக்கு எரிந்த உடனே ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். ஒரு புது பெல்ட்டும் அதை மாட்டத் தேவையான ஸ்பேனர்களும் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.